நீல விளிம்பு, எண் 18: வேய்ன் கிரெட்ஸ்கியின் ரூக்கி கார்டு
வாசகர் கேள்வி – பதில்

கனடாவில் வாழும் வாசகர்கள் பலர், பழைய பெட்டிகளில் கிடைத்த, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட ஐஸ் ஹாக்கி அட்டைகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் ஒரே அட்டையைச் சுற்றியே வந்தன: வேய்ன் கிரெட்ஸ்கியின் ரூக்கி கார்டு, அதாவது புதுமுகமாக வெளிவந்த அவருடைய முதல் அட்டை. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் மைதானத்தில் ஆடுவதுதான். இந்த கிரெட்ஸ்கி யார்? ஓர் அட்டைக்கு இத்தனை மதிப்பு வருமளவுக்கு என்ன சாதித்தார்? (வாசகர், கோவில்பட்டி)

கோவில்பட்டிக்காரருக்கு ஹாக்கியை விளக்க வேண்டியதில்லை. ஐஸ் ஹாக்கியின் வேறுபாட்டை மட்டும் சொல்லிவிடுகிறோம். கோல் கீப்பரோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. ஒரு கோல் விழுந்தால் அடித்தவருக்கு ஒரு புள்ளி, அதற்கு முன் வட்டைக் கொடுத்துதவிய அதிகபட்சம் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு புள்ளி. அந்த உதவிக்குப் பெயர் அசிஸ்ட். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால்தான் கிரெட்ஸ்கியின் உயரம் புரியும்.

1961 ஜனவரி 26 அன்று ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில் பிறந்தவர். என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீகில் 20 பருவங்களில் 1,487 ஆட்டங்கள் ஆடி 894 கோல், 1,963 அசிஸ்ட், ஆக மொத்தம் 2,857 புள்ளி எடுத்தார். அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் யாரோமிர் யாகரின் மொத்தப் புள்ளிகளே 1,921தான். அதாவது, கிரெட்ஸ்கி வாழ்நாளில் ஒரு கோல்கூட அடிக்காமல் இருந்திருந்தாலும், அசிஸ்ட் ஒன்றை வைத்தே பட்டியலில் முதலிடத்தில் இருந்திருப்பார். 894 கோல் சாதனையை 2025 ஏப்ரல் 6 அன்று அலெக்ஸ் ஒவெச்கின் 895ஆவது கோலால் கடந்தார். அசிஸ்ட், மொத்தப் புள்ளி இரண்டையும் நெருங்கக்கூட ஆள் இல்லை.

உடம்பு பெரிதில்லை, வேகத்திலும் முதல்வரில்லை. எதிரணிக் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அங்கே அவரை நெருங்க வந்தால் வலையின் முன்பகுதி காலியாகும், வராமல் விட்டால் அவர் நிதானமாகப் பார்த்து வட்டைக் கொடுப்பார். தடுப்பாட்டக்காரர்களுக்கு இரண்டுமே நஷ்டம். அந்த இடத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘கிரெட்ஸ்கியின் ஆபீஸ்’.

கேள்வி: பழைய வீட்டைக் காலி செய்தபோது, நீல விளிம்பு கொண்ட கிரெட்ஸ்கி அட்டை ஒன்று கிடைத்தது. இது ரூக்கி கார்டுதானா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகி, ஸ்கார்பரோ)

முதலில் பின்புறத்தைத் திருப்புங்கள். எண் 18 இருக்க வேண்டும். 250 என்று இருந்தால் அது 1980–81 பருவத்து இரண்டாம் ஆண்டு அட்டை. அதுவும் நல்ல அட்டைதான், ஆனால் ரூக்கி இல்லை.

எண் 18 என்றால் அடுத்த கேள்வி, எந்த நிறுவனத்துடையது என்பது. ஒரே படம், ஒரே நீல விளிம்போடு 1979–80இல் இரண்டு நிறுவனங்கள் வெளியிட்டன. அமெரிக்காவில் டாப்ஸ், 264 அட்டைகள் கொண்ட தொகுப்பு. கனடாவில், ஒன்டாரியோவின் லண்டன் நகரைச் சேர்ந்த ஓ-பீ-சீ என்ற சூயிங்கம் நிறுவனம், 396 அட்டைகள். முகப்பை மட்டும் பார்த்தால் குழம்புவீர்கள், பின்புறம் பார்த்தால் சந்தேகமே இருக்காது: ஓ-பீ-சீயில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கும், டாப்ஸில் ஆங்கிலம் மட்டும். சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது ஓ-பீ-சீக்கு. கனடா ஆட்டக்காரர், கனடா அட்டை என்ற பாசம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஓ-பீ-சீ அட்டைகள் அச்சகத்திலிருந்தே குறைகளோடு வந்தவை. நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம்.

இரண்டும் சரியாக இருந்தால், அட்டையைத் துடைக்காதீர்கள், ஊதாதீர்கள். கையைக் கழுவி ஈரம் போக உலர்த்திக்கொண்டு ஓரங்களை மட்டும் பிடியுங்கள். மெல்லிய பாலிப்ரோப்பிலீன் உறையில் இட்டு, அதைக் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வையுங்கள். பழைய மென்மையான பி.வி.சி. ஆல்பத் தாள்கள் வேண்டாம். அதிலிருந்து கசியும் ரசாயனம் அட்டையின் மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

கேள்வி: என்னிடம் உள்ள அட்டையின் ஓரம் பிசிறு பிசிறாக, கையால் கிழித்தது போல இருக்கிறது. போலிதானே? (வாசகர், மிசிசாகா)

அந்த ஒரு காரணத்துக்காகப் போலி என்று முடிவு செய்யாதீர்கள். ஓ-பீ-சீ அப்போது பெரிய அச்சுத் தாள்களைக் கம்பியால் அறுத்தது. கத்தி வெட்டியதுபோல நேராக வராமல், அட்டையின் நார் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிசிறு அந்தக் காலத்து ஓ-பீ-சீயின் கைரேகை மாதிரி. சேகரிப்பவர்கள் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

அஞ்ச வேண்டியது இதற்கு நேர்மாறானதற்கு. நான்கு ஓரமும் சவரக்கத்தியால் சீவியது போல வழவழப்பாக, நான்கு முனையும் ஊசி போல இருந்தால், யாரோ வெட்டிச் சீராக்கியிருக்கலாம். தேய்ந்த முனையைக் கூராக்கவும், படம் ஒரு பக்கம் தள்ளியிருப்பதை மறைக்கவும் அப்படிச் செய்வார்கள். சாதாரண அளவு 2½ அங்குலத்துக்கு 3½ அங்குலம், மில்லிமீட்டரில் 63.5க்கு 88.9. உலோக அளவுகோலை ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடங்களில் வைத்துப் பாருங்கள். மேல் அகலமும் கீழ் அகலமும் வேறுபட்டால், அல்லது அதே தொகுப்பின் வேறு அட்டையின் மேல் வைத்துப் பார்க்கும்போது குட்டையாகத் தெரிந்தால், எச்சரிக்கை. அளவு சற்றுக் குறைந்த அட்டைகள் அச்சகத்திலிருந்தே வந்ததும் உண்டு. ஆகவே அளவையும் ஓரத்தின் தன்மையையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அட்டையைச் சோதித்து, 10 வரை தர எண் கொடுத்து, உறையிட்டுத் தரும் நிறுவனங்கள் உண்டு. வெட்டப்பட்டது உறுதியானால், இந்தத் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் எண் கொடுக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் கிரெட்ஸ்கியே ஒரு பாடத்தின் நடுவே இருந்தவர். 1991இல் அவரும், அப்போது அவர் ஆடிய லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து, ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்பால் வீரரின் அட்டையை 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். உலகிலேயே புகழ்பெற்ற அட்டை அது. அதன் ஓரத்தை வெட்டியது தானே என்று, முன்பு அதை வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அத்தனை பேர் பார்த்த அட்டையிலேயே அது நடந்திருக்கிறது.

கேள்வி: போலியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை எது? (வாசகர், மார்க்கம்)

கிரெட்ஸ்கி ரூக்கி கார்டுக்குப் போலிகள் ஏராளம். சோதனைக்கு முன் ஒரு செலவு செய்யுங்கள்: அதே 1979–80 ஓ-பீ-சீ தொகுப்பில், பெயர் பெறாத ஆட்டக்காரர் ஒருவரின் அட்டையை வாங்குங்கள். சில டாலர்களுக்குக் கிடைக்கும், அதை யாரும் போலியாக அச்சடிக்க மாட்டார்கள். இனி எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடுங்கள். கணினித் திரையில் தெரியும் படத்தோடு ஒப்பிட்டால் நிறத்தில் ஏமாறுவீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். முதலில் எழுத்துகளைப் பாருங்கள். அசல் அட்டையில் எழுத்தும் கோடும் ஒரே மையால் அடர்த்தியாக அச்சாகியிருக்கும், விளிம்பு தெளிவாக இருக்கும். படம் மட்டுமே சிறு புள்ளிகளால் ஆனது. போலிக்காரர்கள் முழு அட்டையையும் ஸ்கேன் செய்து அச்சடிப்பதால் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்து, ஓரம் மங்கித் தெரியும். ஏற்கெனவே புள்ளியாக இருந்த படத்தை மறுபடி புள்ளியாக்கும்போது, முகத்திலும் ஜெர்சியிலும் அலை அலையான நெளிவு ஒன்றும் விழும். பெரும்பாலான போலிகள் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

பிறகு அட்டையின் கனம், அதாவது தடிமன். இரண்டையும் அருகருகே வைத்து ஓரத்தை ஓரத்தோடு பாருங்கள். மேற்பரப்பின் பளபளப்பு அதிகமா? பின்புறத்தின் சாயல் ஒன்றா? நகை நிறுக்கும் சிறிய தராசு இருந்தால் எடையும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் சிறு வித்தியாசம் இருப்பது பெரிதில்லை. எழுத்து, கனம், சாயல் மூன்றும் விலகினால் போலி.

செயற்கையாகப் பழசாக்கிய போலிகளும் உண்டு. தானாகத் தேய்ந்த அட்டையில் முனைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் தேய்ந்திருக்கும். நான்கும் ஒரே மாதிரி வட்டமாகி, ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். தேநீரில் நனைத்த காகிதம் நரம்பு நரம்பாகக் கறைபிடிக்கும், காலத்தால் பழுத்தது ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல மங்கும்.

கேள்வி: நீல விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பெயர்ந்திருக்கிறது. லேசாக நீல மை தொட்டு வைக்கலாமா? (வாசகர், மொன்ட்ரியால்)

தயவுசெய்து வேண்டாம். அந்த வெள்ளைப் பெயர்ப்புதான் இந்த அட்டையின் பிறவிக் குறை. அடர்ந்த நிறம் ஓரம் வரை ஓடும்போது, மை சிறிது உதிர்ந்தாலும் உள்ளிருக்கும் வெளிறிய அட்டை எட்டிப் பார்க்கும். கம்பி அறுத்த பிசிறு ஓரமும் சேர்ந்துகொள்வதால், கட்டிலிருந்து பிரித்த அன்றே பெயர்ப்போடு வந்தவை உண்டு. மதிப்பு குறையும், ஆனால் அட்டை நேர்மையானது. மை தொட்டால் அது ‘மாற்றப்பட்ட அட்டை’ ஆகிவிடும், எண்ணே கிடைக்காது.

வாங்குபவர்கள் இதையே தலைகீழாகப் படியுங்கள். அட்டையை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். மார்க்கர் தொட்ட இடம் மற்ற இடத்தைவிட மங்கலாகவோ கூடுதலாகவோ பளபளக்கும். பிறகு லென்ஸை வைத்து ஓரத்தின் கனத்தை, அதாவது பக்கவாட்டைப் பாருங்கள். அச்சு மை மேற்பரப்பில் மட்டுமே நிற்கும். பக்கவாட்டு நாரிலும் நீலம் ஊறியிருந்தால், யாரோ பேனா வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: படம் சற்று இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. இதனால் எவ்வளவு தரம் குறையும்? (வாசகர், பிராம்ப்டன்)

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இடது விளிம்பின் அகலத்தையும் வலது விளிம்பின் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து கூட்டுங்கள். பெரியதை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். இடது 2, வலது 3 என்றால் கூட்டு 5, மூன்றை ஐந்தால் வகுத்தால் 60 சதவீதம். இதை 60/40 என்பார்கள். மேல்–கீழுக்கும் இப்படியே பாருங்கள். இரண்டில் மோசமானதுதான் கணக்கில் வரும்.

தரம் பிரிக்கும் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் அளவுகோலில், முன்பக்கத்துக்கு 10 என்ற தரத்துக்கு ஏறக்குறைய 55/45, 9க்கு 60/40, 8க்கு 65/35, 7க்கு 70/30 வரை பொறுப்பார்கள். பின்பக்கத்துக்குச் சலுகை அதிகம். இவை மேல் எல்லைகள் மட்டுமே. நடுவில் கச்சிதமாக இருந்தாலும் முனை மழுங்கியிருந்தால் தரம் இறங்கும்.

இன்னொன்று: நான்கு பக்க விளிம்பும் ஒரே அளவு போலத் தோன்றி, படம் மட்டும் லேசாகச் சுழன்றிருந்தால், தாள் கோணலாக அறுபட்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முனைகளிலும் அளந்தால் பிடிபடும். நடுவில் மட்டும் அளப்பவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

கேள்வி: முதல் ஆண்டில் கிரெட்ஸ்கிக்குச் சிறந்த புதுமுக விருது கிடைக்கவில்லையாமே? அப்படியானால் இது எப்படி ரூக்கி கார்டு? (வாசகி, ஒட்டாவா)

நல்ல கேள்வி. 1978இல், 17 வயதில், என்.எச்.எல்.லுக்குப் போட்டியாக நடந்த டபிள்யூ.எச்.ஏ. லீகில் இண்டியானாபொலிஸ் ரேஸர்ஸ் அணியில் சேர்ந்தார். எட்டே ஆட்டங்கள். பண நெருக்கடியில் இருந்த அந்த அணி அவரை எட்மன்டன் ஆயிலர்ஸுக்கு விற்றுவிட்டது. அந்தப் பருவத்தில் இரண்டு அணிகளுக்குமாக 80 ஆட்டங்களில் 46 கோல், 64 அசிஸ்ட். 1979இல் டபிள்யூ.எச்.ஏ. கலைந்தபோது எட்மன்டன், கியூபெக், வினிபெக், ஹார்ட்ஃபோர்ட் ஆகிய நான்கு அணிகள் என்.எச்.எல்.லுக்குள் வந்தன. கிரெட்ஸ்கியும் அப்படித்தான் வந்தார்.

வந்த முதல் பருவத்திலேயே 51 கோல், 86 அசிஸ்ட், 137 புள்ளி. ஆனால் ஏற்கெனவே இன்னொரு தொழில்முறை லீகில் ஆடியவர் என்பதால் புதுமுகத்துக்கான கால்டர் கோப்பைக்குத் தகுதியில்லை என்றார்கள். அது ரே போர்க்குக்குப் போனது. அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பையும் கைநழுவியது. மார்சல் டியோனும் 137 புள்ளிதான், ஆனால் 53 கோல், ஆகவே கோப்பை அவருக்கு. மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. அதிலிருந்து தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அது அவரிடமே இருந்தது.

விருதுக்கான விதி வேறு, சேகரிப்பவர்களின் வழக்கு வேறு. பெரிய நிறுவனம் ஒன்று தன் முழுத் தொகுப்பில் ஒருவரை முதன்முதலாக வெளியிடும் அட்டையே ரூக்கி கார்டு. இந்தத் தொகுப்புக்கு இன்னொரு அழகும் உண்டு. 51 வயது கோர்டி ஹோ ஹார்ட்ஃபோர்டுக்காக ஆடிய கடைசிப் பருவம் இது, இதே தொகுப்பில் 175ஆம் எண் அவர். கிரெட்ஸ்கியின் சிறுவயது நாயகன் அவர்தான். ஹோவின் 9ஆம் எண்ணைக் கேட்டபோது அணியில் வேறொருவர் அதை அணிந்திருந்ததால், பயிற்சியாளர் யோசனைப்படி இரண்டு ஒன்பதாகப் போட்டுக்கொண்டார். அந்த 99ஐ இன்று லீகில் எந்த அணியிலும் யாரும் அணிய முடியாது. ஹோ அட்டை மலிவாகவே கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஆண்டு முழுமையாகத் தெரியும் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: அவருடைய ஒரு சாதனையை மட்டும் சொல்லச் சொன்னால்? (வாசகர், வான்கூவர்)

39 ஆட்டங்களில் 50 கோல். ஒரு பருவத்தின் முதல் 50 ஆட்டங்களில் 50 கோல் என்பதே அதற்கு முன் மொரிஸ் ரிஷார், மைக் பாஸி இருவர் மட்டும் தொட்டது. 1981 டிசம்பர் 30 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக இறங்கும்போது கிரெட்ஸ்கியிடம் 45 இருந்தது. அன்று ஒரே ஆட்டத்தில் ஐந்து. ஐந்தாவது, எதிரணி கீப்பரை வெளியே எடுத்திருந்தபோது காலி வலைக்குள் போனது. அந்தப் பருவத்தை 92 கோல், 212 புள்ளியோடு முடித்தார்.

கேள்வி: எட்மன்டன் ஏன் அவரை விட்டுக்கொடுத்தது? (வாசகர், எட்மன்டன்)

உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனுக்குப் பணம் தேவைப்பட்டது. 1984, 1985, 1987, 1988 என லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்று கொடுத்தவரை, கடைசிக் கோப்பையை வென்று மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1988 ஆகஸ்ட் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தவை ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா என்ற இரு ஆட்டக்காரர்கள், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமைகள் மூன்று, ஒன்றரைக் கோடி டாலர். அரசு தலையிட வேண்டும் என்று கனடா நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது.

பிறகு 1996இல் சில மாதம் செயின்ட் லூயிஸ், அதன்பின் நியூயார்க் ரேஞ்சர்ஸ். 1999 ஏப்ரல் 18 அன்று கடைசி ஆட்டம்.

கேள்வி: தரம் பிரிக்க அனுப்பலாமா? பல லட்சம் டாலர் என்கிறார்களே? (வாசகி, ஸ்கார்பரோ)

லட்சங்கள் பேசப்படுவது மிகச் சிலவற்றுக்கு மட்டும். பி.எஸ்.ஏ. 10 பெற்ற ஓ-பீ-சீ பிரதி ஒன்று 2016இல் 4,65,000 டாலருக்கும், 2020 டிசம்பரில் 12.9 லட்சம் டாலருக்கும், 2021 மே மாதம் 37.5 லட்சம் டாலருக்கும் கைமாறியது. அப்போது அந்தத் தரத்தில் உலகில் இருந்தவையே இரண்டு. வீட்டுப் பெட்டியில் கிடைப்பது பெரும்பாலும் 3, 4, 5 தரத்தில்தான் வரும். அந்த எதிர்பார்ப்போடு அனுப்புங்கள், ஏமாற்றம் இருக்காது.

ஆனாலும் அனுப்புவது நல்லது. போலிகள் மலிந்த அட்டை இது, உறையிடப்படாத பிரதியை எந்த விவரமறிந்தவரும் முழு விலைக்கு வாங்க மாட்டார். மெல்லிய உறையில் இட்டு, பாதி கெட்டியான நெகிழும் உறையில் செருகுங்கள். திருகு வைத்த கனமான பெட்டி வேண்டாம், இறுக்கினால் மேற்பரப்பு நசுங்கும். இரண்டு கெட்டி அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒட்டும் டேப் உறையின் வாயைத் தொடக்கூடாது, பிரிக்கும்போது அட்டையோடு போய்விடும். அனுப்பும் முன் இருபுறமும், நான்கு முனைகளும் தெரிய நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மதிப்பை உள்ளபடியே எழுதி முழுக் காப்பீடு செய்யுங்கள். கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதினால், தொலைந்தால் கிடைப்பதும் அந்தக் குறைந்த தொகைதான்.

ஏற்கெனவே உறையிட்டதை வாங்குகிறீர்களா? உறையும் போலியாக வரும். சீட்டிலுள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். எண் பொருந்தினால் மட்டும் போதாது, அசல் எண்ணையே நகலெடுப்பார்கள். தளத்தில் படம் இருந்தால், விளிம்பின் பெயர்ப்புகளும் பிசிறும் கையிலுள்ளதோடு இடத்துக்கு இடம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கம்பி அறுத்த ஓரம் இரண்டு அட்டையில் ஒன்றுபோல அமையாது.

கேள்வி: அட்டையைப் பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது? (வாசகர், ஏஜாக்ஸ்)

இழுக்காதீர்கள், தண்ணீரில் நனைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். இழுத்தால் பின்புறத்துத் தாள் பசையோடு தங்கிவிடும். அட்டையைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு, ஆல்பத் தாளோடு சேர்த்தே வெட்டியெடுங்கள். அப்படியே காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுபோய், பின்புறத்தில் எழுத்து இருக்கிறது, அது முழுதாக வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.